கோழிக்கால், குதிரைப்பல், உப்புக்கீரை

பருப்புக்கீரையின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வேறு மொழி பேசுகிற ஒருவர் அறிமுகமாகி, பேச்சு கொஞ்சம் நீண்டதும், செடியின் படத்தைக் காட்டி "உங்கள் பக்கம் இதை என்ன சொல்வீர்கள்?" என்று கேட்பேன். முதலில் வரும் பதில் பெரும்பாலும் "இதா, இது சும்மா முளைக்கிறது" என்பதுதான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "எங்கள் பாட்டி இதற்கு ஒரு பேர் சொல்வார்" என்பார்கள். பாட்டி சொன்ன அந்தப் பேரோடு அநேகமாக ஒரு சமையல் குறிப்போ, ஒரு வைத்தியமோ, ஒரு வசவோ சேர்ந்தே வரும். நோட்டில் நான் உண்மையில் சேர்ப்பது அவற்றைத்தான்.

செடி எதுவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். தரையோடு படர்வது. தண்டு உருண்டையாக, சதைப்பற்றாக, வெயில் பட்ட இடத்தில் சிவந்து இருக்கும். இலை சின்னது, தடித்தது, நுனி அகன்று அடி குறுகியது. கிளை நுனியில் இலைகள் கூட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு சின்ன மஞ்சள் பூ. வெயில் ஏறினால்தான் பூ விரியும், சில மணி நேரத்தில் சுருங்கிவிடும். தமிழில் பருப்புக்கீரை, கோழிக்கீரை, தரைப்பசலை என்றெல்லாம் சொல்கிறோம். 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் போர்ச்சுலாகா ஒலரேசியா என்று பெயரிட்டார். ஒலரேசியா என்றால் காய்கறித் தோட்டத்தைச் சேர்ந்தது என்று பொருள். ஆக, உலகத்தின் பெரிய களைகளில் ஒன்றாகப் பயிர் அறிஞர்கள் பட்டியலிடும் இந்தச் செடிக்கு, அறிவியல் பெயரிலேயே "இது உணவு" என்று எழுதியிருக்கிறது.

பெயர்கள் சேரச் சேர எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. ஒரு செடியின் பெயரைக் கேட்டால், அந்தப் பெயரை வைத்தவர் அப்போது என்ன வேலையில் இருந்தார் என்று சொல்லிவிடலாம். சமைத்துக்கொண்டிருந்தவர் வைத்த பெயர் வேறு, களைவெட்டியோடு குனிந்து நின்றவர் வைத்த பெயர் வேறு, வைத்தியர் வைத்தது வேறு, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வைத்தது வேறு. பருப்புக்கீரை என்பது சந்தேகமில்லாமல் அடுப்பங்கரையில் பிறந்த பெயர். வேகும் பருப்பில் சேர்கிற கீரை, அவ்வளவுதான். செடியின் உருவத்தைப் பற்றி அந்தப் பெயர் ஒன்றுமே சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. தரைப்பசலை என்பதோ தரையைப் பார்த்து நின்றவர் சொன்னது. கொடியாக ஏறுகிற பசலை ஒன்று உண்டு, இது ஏறாமல் மண்ணிலேயே கிடக்கிறது என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த கண் அது.

கண்ணால் வைத்த பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தவை சீனத்துப் பெயர்கள். பொதுவழக்கில் அங்கே இதை மாச்சிஷியென் என்கிறார்கள். குதிரைப்பல் கீரை என்று அர்த்தம். ஓர் இலையைக் கிள்ளிக் கையில் வைத்துப் பாருங்கள். அகன்று, தட்டையாக, தடித்து இருக்கும் அந்த உருவத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கஷ்டம். இன்னொரு பெயர் இதைவிடப் பெரிது: ஐம்பூதக் கீரை என்று நம் வழக்கில் சொல்லலாம். மரம், தீ, மண், உலோகம், நீர் என்று ஐந்தைச் சீன மரபு சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். இலை பச்சை, தண்டு சிவப்பு, பூ மஞ்சள், வேர் வெள்ளை, விதை கறுப்பு. ஐந்தும் இந்த ஒரே செடியில் இருக்கின்றன. தாவரவியல் நூலில் ஒரு பத்தி எழுதிச் சொல்வதை இந்தப் பெயர் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. அதிலும் விதையின் நிறத்தைச் சேர்த்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம். எள்ளைவிடப் பல மடங்கு சிறிய விதை அது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் சின்னஞ்சிறு காயைத் தேடி, அதன் தொப்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

தொப்பி என்று சும்மா சொல்லவில்லை. காய் முற்றியதும் குறுக்கே வெடித்து, மேல்பாதி ஒரு மூடியைப் போலக் கழன்று விழும். போர்ச்சுலாகா என்ற லத்தீன் பெயரே சிறு கதவு என்ற சொல்லிலிருந்து வந்தது என்று வழக்கமாக விளக்கம் சொல்வார்கள். அந்த மூடிதான் கதவு.

பிரெஞ்சில் இதன் பெயர் பூர்பியே. பழைய லத்தீனில் கோழிக்குஞ்சின் கால் என்று சொன்னது தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது. அரபியில் ரிஜ்லா, அதிலும் கால் என்ற சொல்தான் இருக்கிறது. தண்டு ஓரிடத்திலிருந்து நாலைந்து பக்கம் பிரிந்து தரையில் பதிவதைப் பார்த்தால் கோழி மிதித்த தடம் நினைவுக்கு வருகிறது. நம்முடைய கோழிக்கீரையில் கோழி எப்படி நுழைந்தது என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்ல முடியும்: ஒன்று இந்த உருவம், இன்னொன்று கோழிகள் இதை ஆசையாகக் கொத்தும் என்பது. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. கோழி வளர்த்தவர்களுக்கு அதன் காலைவிட அலகுதான் முக்கியம். மலாவி நாட்டில் வழங்கும் ஒரு பெயருக்கு "தலைவருடைய மனைவியின் பின்புறம்" என்று பொருள். உருண்டு திரண்ட இலையையும் சாறு ததும்பும் தண்டையும் பார்த்து, செழிப்பு என்பதற்கு அவர்களுக்குத் தெரிந்த உச்சமான உவமையை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இனி நாக்கு வைத்த பெயர்கள். இந்தியாவின் வடக்கிலும் கிழக்கிலும் இது உப்புக்கீரை. சமஸ்கிருதத்தில் லோணிகா, குஜராத்தியில் லூணி, இந்தியில் லோனியா அல்லது நோனியா, வங்காளியில் நுனியா. எல்லாமே உப்பு என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. மலையாளத்திலும் உப்புச்சீர என்று ஒரு பெயர் உண்டு. பச்சையாக ஒரு தண்டை மென்றவர் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். இதில் செடியின் வாழ்க்கையும் கொஞ்சம் இருக்கிறது. மற்றக் கீரைகள் கருகிப்போகும் உவர்மண்ணிலும் இது தாங்கி வளரும். அங்கே உப்பைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஆனால் உப்பு மட்டும்தானா சுவை? இல்லை, புளிப்பும் உண்டு. அந்தப் புளிப்பு நாள் முழுவதும் ஒரே அளவில் இருக்காது என்பதுதான் இந்தச் செடியைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் மிக அழகானது. மழை விட்டு மண் காய்ந்த நாட்களில், விடியற்காலையில் கிள்ளிய இலை நன்றாகப் புளிக்கும். அதே செடியில் மாலையில் கிள்ளினால் புளிப்பு தணிந்து, லேசான உப்பு மேலெழும். இதை நான் பலமுறை மென்று பார்த்திருக்கிறேன்.

காரணம் இலைக்குள் நடக்கும் வேலையில் இருக்கிறது. செடி உணவு தயாரிக்கக் காற்றிலிருந்து கரியமில வாயு வேண்டும். அதற்கு இலைத்துளைகளைத் திறக்க வேண்டும். பகலில் திறந்தால் வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதனால் கற்றாழை, கள்ளி போன்றவை பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கின்றன. இரவில் வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து, பகலில் வெளிச்சம் வந்ததும் செலவழிக்கின்றன. விடியும்போது அமிலம் நிறைந்திருக்கும், அந்தி சாயும்போது தீர்ந்திருக்கும். சோளமும் கரும்பும் வேறு வழியைக் கையாள்கின்றன. அவை பகலிலேயே வாயுவை மிகச் சிக்கனமாகப் பிடித்து வேகமாக வளரும். ஒரு செடி இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்யும் என்று பொதுவாக எதிர்பார்ப்போம். பருப்புக்கீரை இரண்டையும் செய்கிறது. தண்ணீர் இருக்கும்போது கரும்பைப் போல வளர்ந்து, காய்ந்துபோனால் கள்ளியின் வழியையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டு வேலையும் இலையின் ஒரே செல்களுக்குள்ளேயே பின்னிப்பிணைந்து நடக்கின்றன என்று 2022-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். காலையில் நாக்கில் படும் புளிப்பு, அந்தச் செடி முந்தின இரவு சேர்த்து வைத்தது.

தொட்டுப் பார்த்தவர்கள் வைத்த பெயர்களும் உண்டு. இலையை நசுக்கினால் வழவழவென்று இருக்கும்; வேகவைத்தால் இன்னும் கொழகொழப்பாகும். ஜப்பானியப் பெயரான சுபெரிஹியுவில் வழுக்குதல் இருக்கிறது. கிரேக்கத்தில் கிளிஸ்த்ரிடா என்பார்கள், அதுவும் வழுக்குவதுதான். கிரேக்கத்தில் ஓயாமல் பேசுகிறவரைப் பார்த்து "கிளிஸ்த்ரிடா தின்றாயா?" என்று கேட்பது வழக்கம். நாக்கு வழுக்கிக்கொண்டு ஓடுகிறதாம். ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத இரண்டு மக்கள், ஒரே இலையை விரலால் நசுக்கி ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இப்படிப் பொருந்துவதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இதைப் போலவே இன்னொரு ஜோடி. மலையாளத்தில் கொழுப்ப அல்லது கொழுப்பச்சீர. துருக்கியில் செமிஸோட்டு, கொழுத்த கீரை என்று அர்த்தம். இரண்டுமே சதைப்பற்றைத்தான் சொல்கின்றன என்று நினைக்கிறேன். ஆனாலும் இந்தக் கீரையில் கொழுப்பு உண்மையிலேயே ஒரு செய்தி. கீரைகளில் பொதுவாக மிகக் குறைவாக இருக்கும் ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலம் இதில் நிறைய இருக்கிறது. ஆர்ட்டெமிஸ் சிமோபூலோஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1992-ல் வெளியிட்ட கணக்குப்படி, 100 கிராம் பச்சை இலையில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 சுமார் 300 முதல் 400 மில்லிகிராம் வரை உண்டு. இதை வைத்துக்கொண்டு "மீனுக்குப் பதில் இதைத் தின்றால் போதும்" என்று பரப்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மீனில் இருக்கும் ஒமேகா-3 வேறு வடிவம்; கீரையில் இருப்பதை நம் உடல் அந்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது கொஞ்சம்தான். ஒரு கீரை, கீரை என்ற அளவிலேயே சிறந்ததாக இருப்பது போதாதா?

சரி, களையெடுத்தவர்களுக்கு வருவோம். அவர்கள் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. ஒரு பெரிய செடியின் விதைகள் லட்சத்தைத் தாண்டும். அவை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். பிடுங்கி வரப்பில் போட்டால், சதைப்பற்றான தண்டில் இருக்கும் தண்ணீரை வைத்தே பூ காயாகி விதை முற்றிவிடும். கொத்தித் துண்டாக்கினால், ஈரம் பட்ட துண்டு வேர்விடும். வெட்டியதே நட்டதாகிவிடுகிறது.

அரபியில் இதற்கு முட்டாள் கீரை என்று ஒரு பெயர் உண்டு: பக்லத்துல் ஹம்கா. "ரிஜ்லாவைவிட முட்டாள்" என்று பழமொழியே இருக்கிறது. வெள்ளம் ஓடுகிற வாய்க்காலிலும் வழியிலும் போய் முளைக்கிறதே, வெள்ளம் வந்தால் அடித்துப் போய்விடாதா, கொஞ்சமாவது அறிவிருக்கிறதா என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இந்தப் பெயரோடு நான் நெடுநாளாக மனதுக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன். தண்டின் ஒரு துண்டே புதுச்செடியாகக்கூடிய ஒன்றுக்கு, தூள் மாதிரி விதை வைத்திருக்கிற ஒன்றுக்கு, வெள்ளம் அடித்துக்கொண்டு போவது எப்படி நஷ்டமாகும்? தண்ணீர் ஒதுங்கும் இடமெல்லாம் ஈரமான புதுமண்ணும் கிடைக்கிறது. வாய்க்காலில் முளைத்தது நல்ல இடம் பார்த்துத்தான் முளைத்திருக்கிறது. பழமொழி சொன்னவர் கண்ணால் பார்த்ததில் தவறில்லை. செடி அங்கேதான் முளைக்கிறது, அடித்துத்தான் செல்லப்படுகிறது. அதற்கு அவர் சொன்ன காரணத்தைத்தான் நான் ஏற்கவில்லை.

இதே பிடிவாதத்தைச் சீனர்கள் வேறு விதமாகப் பார்த்தார்கள். நீண்ட ஆயுள் கீரை என்று அங்கே இன்னொரு பெயர். பிடுங்கி வெயிலில் போட்டாலும் சாகாததைப் பார்த்து ஒருவர் எரிச்சலடைகிறார், இன்னொருவர் அந்த ஆயுள் நமக்கும் வரட்டும் என்று சமைத்துச் சாப்பிடுகிறார். அவர்களிடம் ஒரு கதையும் உண்டு. ஒரு காலத்தில் வானத்தில் பத்துச் சூரியன்கள் இருந்தன. பூமி வெந்து போனது. ஹௌ யீ என்ற வில்லாளி ஒன்பதை எய்து வீழ்த்தினான். பத்தாவது சூரியன் பயந்து ஓடி, தரையில் படர்ந்திருந்த இந்தக் கீரையின் அடியில் ஒளிந்துகொண்டது. காப்பாற்றிய நன்றிக்காக அன்றிலிருந்து சூரியன் இதை மட்டும் சுடுவதில்லை. மண் வெடிக்கும் கோடையிலும் இந்தக் கீரை வாடாமல் கிடப்பதைப் பார்த்து, அதற்கு ஒரு காரணம் தேடிய மனதின் கதை இது.

பெயர்கள் பயணம் செய்வதையும் இந்தச் செடியில் பார்க்கலாம். லத்தீன் போர்ச்சுலாகா அரபு பேசிய ஸ்பெயின் வழியாக உருமாறி, ஸ்பானிய மொழியில் வெர்தோலாகா ஆனது. அந்தப் பெயர் கடல் தாண்டி மெக்சிகோ போனது. பாரசீகத்துக் குர்ஃபே இந்திக்கு வந்து குல்ஃபா ஆனது. அதனால் இந்தியில் உப்பின் பெயர் ஒரு பக்கமும் பாரசீகத்தின் பெயர் இன்னொரு பக்கமும் இன்றும் வழங்குகின்றன. ஆனால் பெயர் போன வழியில்தான் செடியும் போனது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்கக் கண்டத்துக்கு இதை ஐரோப்பியர்களே கொண்டு போனார்கள் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. கனடாவின் ஒன்டாரியோவில் கிராஃபோர்ட் ஏரியின் அடிச்சேற்றில், கொலம்பஸ் காலத்துக்கு முந்திய அடுக்குகளில் இதன் மகரந்தமும் விதையும் கிடைத்ததை 1975-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஐரோப்பியப் பெயர் வந்து சேர்வதற்கு முன்னாலேயே செடி அங்கே இருந்திருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் அதை என்ன சொல்லி அழைத்திருப்பார்கள் என்றுதான் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

பெயரை நம்பி மட்டும் எதையும் வாயில் போடக் கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பசலை என்றால் ஒருவருக்குக் கொடிப்பசலை, இன்னொருவருக்குத் தரைப்பசலை. இப்போது பலரும் ஸ்பினாச்சையே பசலைக்கீரை என்கிறார்கள். மூன்றும் வேறு வேறு செடிகள், மூன்றும் உண்ணத்தக்கவை என்பதால் ஆபத்தில்லை. சாரணை என்ற களை இதற்குப் பக்கத்திலேயே, இதைப் போலவே படர்ந்திருக்கும். அதன் பூ மஞ்சளாக இருக்காது, வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இலைக்கக்கத்தில் ஒட்டியிருக்கும். எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். கவலைப்பட வேண்டியது பால்செடிகளைப் பற்றித்தான். தரையோடு படரும் சில பால்செடிகள் தூரத்திலிருந்து பார்க்கும்போது பருப்புக்கீரை மாதிரியே தெரியும். தண்டை ஒடியுங்கள். வெள்ளையாகப் பால் வந்தால் அது இது இல்லை, விட்டுவிடுங்கள். பருப்புக்கீரையில் தெளிந்த நீர்தான் கசியும். தண்டும் இலையும் ரோமம் இல்லாமல் மழமழவென்று இருக்கும்.

சரியான செடியே என்றாலும், களைக்கொல்லி தெளித்த இடத்திலிருந்தும் சாக்கடை ஓரத்திலிருந்தும் பறிக்க வேண்டாம். மண்ணில் இருக்கும் உலோகக் கழிவுகளை இது நன்றாகவே உறிஞ்சும். சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் இதில் அதிகம் என்பதால், கல் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. தயிரோடு சேர்த்துச் சாப்பிடுவது பல நாடுகளில் இருக்கும் பழக்கம். தயிரின் கால்சியம் ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதால், உடலுக்குள் சேரும் அளவு குறையும்.

பிள்ளைகள் வைத்த பெயர் என்று சொன்னேனே, அதற்கு இந்தச் செடியின் நெருங்கிய உறவினரிடம் போக வேண்டும். தொட்டியில் அழகுக்காக வளர்க்கும் டேபிள் ரோஸ் இதே போர்ச்சுலாகா இனம்தான். அதைத் தமிழிலும் மலையாளத்திலும் பத்துமணிப்பூ என்கிறோம். வியட்நாமிய மொழியிலும் அதன் பெயர் பத்துமணிப்பூ என்றே இருக்கிறது. நேரத்துக்குப் பூ விரிவதைக் காத்திருந்து பார்க்கிற பொறுமை பெரியவர்களுக்கு ஏது? பிள்ளைகள்தான் வைத்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது நோட்டில் புதிதாக ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறேன், பருப்புக்கீரையின் தம்பிக்காக. இலை மிகச் சிறியது, கணுவுக்குக் கணு வெள்ளை ரோமம், மஞ்சள் பூவுக்கு நான்கே இதழ். இதுவும் உண்ணக்கூடியதே. கல் இடுக்கிலும் நடைபாதைச் சந்திலும் முளைக்கும். அதன் பெயர்களைக் கேட்டால் பெரும்பாலும் பெரியதன் பெயரிலேயே ஒரு அடைமொழியைச் சேர்த்துச் சொல்கிறார்கள்: தமிழில் சிறுபசலை, இந்தியில் சோட்டி லோனியா, தெலுங்கில் சன்னபாயல. சின்னது, சின்னது, மெல்லியது. அடைமொழி இல்லாமல், அதற்கென்றே யாராவது வைத்த பெயர் ஒன்று எங்காவது இருக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கணுவில் இருக்கும் அந்த வெள்ளை ரோமத்தை யாரோ ஒருவர் குனிந்து பார்த்திருப்பார்.